கிரிப் கோக் முகடு: முதல்முறை செல்பவர்களுக்கு ஏற்றதா?

வடகரை இளங்கோ (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் இறுதியில் நாங்கள் நால்வர் வட வேல்ஸுக்குச் செல்கிறோம். ஸ்னோடன் மலையை வழக்கமான பாதையில் ஏறாமல், கிரிப் கோக் முகட்டின் வழியாக ஏறலாம் என்று எண்ணியிருக்கிறோம். காணொளிகளில் பார்க்கும்போது கத்தி முனையைப் போன்ற ஒரு பாறை விளிம்பில் மக்கள் தவழ்ந்தும் நடந்தும் போகிறார்கள். ஆனால் கீழே எழுதப்பட்டிருக்கும் கருத்துகளில் பாதிப்பேர் மிக எளிது என்கிறார்கள், மீதிப்பேர் உயிருக்கு ஆபத்து என்கிறார்கள். எதை நம்புவது என்று தெரியவில்லை.

ஊரில் இருந்தபோது வெள்ளியங்கிரியும் பருவதமலையும் ஏறியிருக்கிறேன். பருவதமலையில் கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு ஏறும் பகுதி எனக்குப் பெரிதாக அச்சம் தரவில்லை. எங்களில் இருவர் நல்ல உடல் வலிமை உள்ளவர்கள். நான்காமவரான தோழிக்கு உயரம் என்றால் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆனால் சமாளித்துக்கொள்வேன் என்கிறார். இந்த முகட்டின் கடினம் எத்தகையது, கயிறு கொண்டுபோக வேண்டுமா, தயக்கம் உள்ள ஒருவரை அழைத்துச் செல்வது சரியா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பனிமுகில்

வணக்கம் இளங்கோ. நான் பேங்கர் நகருக்கு அருகில் வசிக்கிறேன். இந்த முகட்டைக் கோடையிலும் பனிக்காலத்திலும் அறிவேன். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்வதைவிட வழியை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பென்-இ-பாஸ் கணவாயில், ஏறத்தாழ 360 மீட்டர் உயரத்தில், நடை தொடங்குகிறது. மேல் வாகன நிறுத்தத்திலிருந்து புறப்படும் பிக் பாதையில் சுமார் ஒரு மணி நேரம் ஏறினால் புல்க் இ மோக் என்ற சிறு கணவாய் வரும். கீழே லிடாவ் ஏரி முழுமையாகத் தெரியும். பிக் பாதை அங்கிருந்து இடப்பக்கமாக மலைச் சரிவை ஒட்டிப் போய்விடும். வலப்பக்கம் பிரிவதுதான் கிரிப் கோக்கின் கிழக்கு முகடு. பிரியும் இடத்தில் அடையாளம் இருந்தும், மேகமூட்டத்தில் பிக் பாதை என்று எண்ணிக்கொண்டே வலப்பக்கம் ஏறிச் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. முன்னே போகிறவர்களைப் பின்தொடர்ந்தால் போதும் என்ற நினைப்பே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

கிழக்கு முகட்டில் நடை முடிந்து கையூன்றி ஏறுவது தொடங்குகிறது. கீழ்ப்பகுதியிலேயே செங்குத்தான ஒரு பாறைப் படி குறுக்கிடும். பிடிகள் பெரியவை, ஆனால் பல தலைமுறைகளின் காலணிகள் தேய்த்ததில் வழவழப்பாகிவிட்டவை. அதைத் தாண்டி ஏறினால் 923 மீட்டர் உயரத்தில் முகட்டின் கிழக்கு முனைக்கு வந்துவிடுவீர்கள். அங்கே தலையைத் தூக்கிப் பார்க்கும்போதுதான் எதிரே மேற்காக நீளும் அந்த விளிம்பு முதன்முதலாகக் கண்ணில் படும். அதன் நீளம் சில நூறு மீட்டர்தான். வலப்பக்கம், அதாவது வடக்கே, பாறை நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. இடப்பக்கம் செங்குத்தல்ல, ஆனால் உருண்டால் நிற்க முடியாத சரிவு. உச்சி விளிம்பைக் கைப்பிடிச் சுவர் போலக் கைகளால் பற்றிக்கொண்டு, கால்களை இடப்பக்கத்துத் திட்டுகளில் வைத்து நகர்வதே பெரும்பாலானோர் செய்வது. அதன்பின் மூன்று பாறைத் தூண்கள் வரும். அவற்றைத் தாண்டிப் புல்க் கோக் என்ற தாழ்வில் இறங்கினால் மூச்சு விடலாம். ஆனால் வழி அங்கே முடிவதில்லை. கார்னெத் இகைன் சிகரத்துக்கு, 1,065 மீட்டர், இன்னும் கொஞ்சம் பாறை ஏற்றம் இருக்கிறது. பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டோம் என்ற நிம்மதியில் கவனம் சிதறும் இடம் அது.

இனி உங்கள் ஒப்பீடு. பருவதமலையில் உங்கள் கைக்கு இரும்பு கிடைத்தது. கிரிப் கோக்கில் சங்கிலி இல்லை, கம்பி இல்லை, படி இல்லை. பிடிப்பதற்குப் பாறை மட்டுமே இருக்கிறது. அதில் எது உறுதியானது, எது ஆடுகிறது என்பதை ஒவ்வொரு முறையும் நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும். உடல் வலிமையை அந்த மலைகள் உங்களுக்குத் தந்திருக்கும். ஆனால் இந்த முகடு கேட்பது வேறொன்று. தரையில் கிடக்கும் ஒரு முழ அகலப் பலகையில் யாரும் பேசிக்கொண்டே நடப்பார்கள். அதே அகலமுள்ள மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நடக்கச் சொன்னால் கால் எழாது. செய்ய வேண்டிய அசைவு இரண்டிலும் ஒன்றுதான். கிரிப் கோக்கின் கடினம் முழுவதும் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஆகவே உங்கள் தோழியைப் பற்றிய கேள்வியே இந்த இழையின் முதன்மையான கேள்வி என்று கருதுகிறேன். சமாளித்துக்கொள்வேன் என்பது வீட்டில் உட்கார்ந்து சொல்லக்கூடிய சொல். விளிம்பின் நடுவில் ஒருவர் உறைந்து நின்றுவிட்டால், முன்னே போவதும் பின்னே வருவதும் அதே தொலைவு, அதே அச்சம். பக்கவாட்டில் இறங்க வழியில்லை.

மாறன் (மான்செஸ்டர்)

பனிமுகில் அவர்களின் விவரிப்பு துல்லியமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் படிப்பவர்கள் தேவைக்கு மேல் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக மறுபக்கத்தையும் எழுதுகிறேன். பிரிட்டனில் இத்தகைய பாறைவழிகளை 1 முதல் 3 வரை தரப்படுத்துகிறார்கள். கிரிப் கோக் அதில் முதல் தரம், அதாவது மிக எளிய தரம். மூன்றாம் தரத்தில்தான் கயிறும் பாறையேற்றப் பயிற்சியும் பேச்சுக்கு வருகின்றன. வெயில் அடிக்கும் ஒரு சனிக்கிழமையில் போய்ப் பாருங்கள். ஓட்டக் காலணிகளோடு முகட்டின்மேல் நிமிர்ந்து நடந்து போகிறவர்களையும், பதின்ம வயதுப் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களையும் காண்பீர்கள். நம்மவர்கள் பலர் இணையத்தில் கிடைக்கும் அச்சுறுத்தல்களைப் படித்தே நல்ல மலைகளை விட்டுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

அச்சம் உள்ளவர்கள் விளிம்பின்மேல் போகவேண்டிய கட்டாயமும் இல்லை. இடப்பக்கச் சரிவில் கொஞ்சம் கீழே இறங்கி நடந்தால் வடபுறத்துப் பள்ளமே கண்ணில் படாது. கிழக்கு முனை வரை ஏறிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் வந்த வழியே இறங்கிவிடலாம்.

பனிமுகில்

மாறன், தரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலர்ந்த கோடை நாளில், நல்ல நிலையில் இருக்கும் பாறையில், கை கால் அசைவுகள் எவ்வளவு கடினம் என்பதே பெரும்பாலும் அதில் அடங்குகிறது. நடுவழியில் மனம் மாறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. மோயல் ஷாபோட் மலையின் கிழக்கு முகடும் முதல் தரம்தான். அங்கே பிடிக்காத இடத்தில் பக்கத்துப் புல்சரிவுக்கு ஒதுங்கிக்கொள்ளலாம். ஒரே எண்ணைப் பெற்ற இரண்டு வழிகள் ஒருவருக்கு முற்றிலும் வேறான நாட்களைத் தரக்கூடும்.

இடப்பக்கச் சரிவில் கீழிறங்கி நடப்பதை நான் ஏற்கமாட்டேன். உச்சி விளிம்பின் பாறைதான் உறுதியானது. கீழே இறங்க இறங்கக் கற்கள் உதிரியாகின்றன, தடம் பல கிளைகளாகப் பிரிகிறது, மீண்டும் மேலே ஏறுவது விளிம்பைவிடச் சிக்கலாகிறது. கால்கள் சற்றுக் கீழே, கைகள் விளிம்பின்மேல் என்ற அளவோடு நிற்பதே நல்லது. பயந்துபோனவர்கள் பாதுகாப்பைத் தேடிக் கீழே கீழே இறங்கி, இறுதியில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் திரிசங்குவைப் போல ஒட்டிக்கொண்டு மீட்புக் குழுவை அழைப்பது இந்தப் பகுதியில் பழகிப்போன கதை.

வந்த வழியே இறங்கலாம் என்பதும் பாதி உண்மை. ஏறும்போது பிடிகள் கண்ணெதிரே இருக்கும். இறங்கும்போது கால் வைக்கும் இடம் உடலுக்குக் கீழே மறைந்திருக்கும். எதிரே ஏறி வரும் கூட்டத்துக்கும் வழிவிட வேண்டும். இதனால்தான் இந்த முகட்டைக் கிழக்கிலிருந்து மேற்காகவே பெரும்பாலானோர் கடக்கிறார்கள். திரும்புவதானால் அந்த முடிவைக் கிழக்கு முகட்டின் முதல் பாறைப் படியிலேயே எடுத்துவிட வேண்டும் என்பேன். அதில் மகிழ்ச்சியாக ஏறாதவர் மேலே போய் மகிழ்ச்சி அடையப் போவதில்லை.

கார்காலம்

மழையையும் காற்றையும் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பது வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் கிரிப் கோக் பிரிட்டனிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டுச் சராசரி 4,400 மில்லிமீட்டருக்கு மேல். சென்னையில் ஓர் ஆண்டில் பெய்வதைப் போல மூன்று மடங்கு. ஆகவே காணொளியில் நீங்கள் பார்த்த வெயில் நாள் விதிவிலக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈரமான பாறையில் அந்தத் தேய்ந்த பிடிகளின் குணமே மாறிவிடும்.

மழையைவிடக் காற்றையே நான் அதிகம் அஞ்சுகிறேன். முகடு கிழக்கு மேற்காக ஓடுகிறது. இங்கே தென்மேற்குக் காற்றே மிகுதி. அப்படியானால் விளிம்பின்மேல் நிற்பவரைக் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று எண்ணிப் பாருங்கள்: வடக்கே, அதாவது நேராக இறங்கும் பக்கத்துக்கு. சீரான காற்றுக்கு உடலைச் சாய்த்து ஈடுகொடுக்கலாம். திடீரென வீசி நின்றுவிடும் காற்றுக்கு அப்படிச் செய்ய முடியாது. சாய்ந்து நிற்கும் உடலிலிருந்து தாங்குதலை அது பறித்துவிடும். மலை உச்சிகளில் மணிக்கு 25 மைலுக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் நான் இந்த வழியைத் தொடுவதில்லை. இது என் சொந்த அளவு. இன்னும் குறைவாக வைத்துக்கொள்பவர்களைக் கோழைகள் என்று சொல்லமாட்டேன்.

கைபேசியில் வரும் ஊர் வானிலையை நம்பாதீர்கள். மலையடிவாரத்து லான்பெரிஸ் ஊரில் இலை அசையாத நாளில் மேலே நிற்க முடியாமல் இருக்கும். பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆஃபிஸ் மலைப்பகுதிகளுக்கெனத் தனி முன்னறிவிப்பு தருகிறது. மலை வானிலைத் தகவல் சேவை என்ற அமைப்பு, காற்றின் வேகத்தோடு அது நடப்பவரை எப்படிப் பாதிக்கும் என்பதையும், உச்சிகள் மேகமின்றி இருக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்பதையும் எழுதுகிறது. முந்தைய மாலையில் இரண்டையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தணிகைவேலன்

இடையில் ஒரு கேள்வி. மாறன் ஐயா பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தார். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. உள்ளரங்குப் பாறைச்சுவரில் நன்றாக ஏறுகிறான். அவனை அழைத்துச் செல்லலாமா?

செங்காந்தள்

தணிகைவேலன் அவர்களுக்கு: பிள்ளைகள் பெரும்பாலும் உயரத்துக்கு அஞ்சுவதில்லை, அலுப்புக்குத்தான் அஞ்சுவார்கள். உள்ளரங்கில் அவன் தவறினால் கயிறு தாங்குகிறது என்பதை அவன் உடல் பழகியிருக்கும். இங்கே அந்தப் பழக்கமே பகை. உங்களுக்கு இந்த வழி மனப்பாடமாகத் தெரிந்திருந்தால் ஒழிய, உரிய தகுதி பெற்ற பயிற்றுநர் ஒருவரோடு போகச் சொல்வேன்.

வடகரை இளங்கோ

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. கயிறு பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் தெளிவு கிடைக்கவில்லை. எங்களில் ஒருவரிடம் 30 மீட்டர் கயிறும் இடுப்பில் கட்டும் வார்ப்பட்டைகளும் இருக்கின்றன. நால்வரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போனால், ஒருவர் தவறினாலும் மற்ற மூவர் பிடித்துக்கொள்ளலாமே என்பது எங்கள் எண்ணம்.

செங்காந்தள்

இந்த எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். மலையேற்றக் கழகம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பாறையேறி வருகிறேன் என்பதால் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

கயிறு தானாக யாரையும் காப்பதில்லை. அது பாறையோடு இணைந்திருக்கும்போதுதான் காக்கிறது. நால்வரை ஒரே கயிற்றில் கட்டி, அந்தக் கயிறு பாறையில் எங்கும் பிணைக்கப்படாமல் இருந்தால், நீங்கள் செய்திருப்பது ஒருவரின் விழுதலை நால்வருக்கும் பங்கிட்டுக் கொடுத்தது மட்டுமே. குறுகிய விளிம்பில், கையில் தளர்ந்து தொங்கும் கயிறோடு, எதிர்பாராத நொடியில் ஒரு முழு மனிதரின் எடை இழுத்தால் நின்றுகொண்டிருப்பவரால் தாங்க முடியாது. ஒருவர் ஒரு பக்கம் விழுந்தால் மற்றவர் உடனே மறுபக்கம் குதிக்க வேண்டும் என்று ஆல்ப்ஸ் மலைகளின் பனிமுகடுகளைப் பற்றி ஒரு பழைய பாடம் உண்டு. சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். குதிக்கப் போகிறவர் யார் என்று கேட்டால்தான் அமைதி நிலவும்.

வழிகாட்டிகள் இதே முகட்டில் கயிற்றைப் பயன்படுத்துவதை நீங்கள் பார்க்கலாம். அவர்கள் செய்வது வேறு. அழைத்து வருபவருக்கும் தமக்கும் இடையே மிகக் குறைந்த நீளத்தையே விடுவார்கள். நகரும்போதே விளிம்பில் துருத்தி நிற்கும் பாறை முனைகளை ஒட்டிக் கயிற்றை ஒருமுறை இப்புறமும் ஒருமுறை அப்புறமும் போட்டுக்கொண்டே போவார்கள். எந்த முனை தாங்கும், எது பெயர்ந்து வரும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. காணொளியைப் பார்த்து அதைக் கற்றுக்கொள்ள முடியாது. பிரிட்டனில் மலைநடைத் தலைவர்களுக்கான சான்றிதழ் பெற்றவர்களுக்குக்கூடத் திட்டமிட்டுக் கயிறு பயன்படுத்தும் வழிகளில் வாடிக்கையாளர்களை அழைத்துச் செல்ல அந்தச் சான்றிதழ் இடம் தருவதில்லை. அதற்கு மலையேற்ற, பாறையேற்றப் பயிற்றுநர் என்ற உயர்ந்த தகுதி வேண்டும். ஆகவே ஆள் அமர்த்துவதானால் எந்தச் சான்றிதழ் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அமர்த்துங்கள்.

தலைக்கவசம் மட்டும் எல்லோருக்கும் இருக்கட்டும். மேலே ஏறுபவர்களின் காலடியிலிருந்து கல் உருளுவது கூட்டமான நாட்களில் இயல்பு.

மாறன் (மான்செஸ்டர்)

கயிறு பற்றிச் செங்காந்தள் எழுதியதை முழுமையாக வழிமொழிகிறேன். காலணி பற்றி நான் எழுதியதைப் பார்த்துவிட்டுத் தனிமடலில் ஒருவர் கோபித்துக்கொண்டார். எனவே விளக்குகிறேன். கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ்தான் பாதுகாப்பு என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். பாறை விளிம்பில் அடிப்பாகம் ஓரளவு விறைப்பாகவும், முன்பகுதி பிடிப்பாகவும் இருக்கும் காலணிதான் தேவை. கணுக்கால் உயரம் இரண்டாம்பட்சம். மெத்தென்ற ஓட்டக் காலணியில் சிறு திட்டின்மேல் நிற்கும்போது பாதம் வளைந்து களைத்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழக்கப்பட்டவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

நடைக்கோல்களைப் பற்றியும் ஒரு சொல். பிக் பாதை வரை அவை உதவும். பிறகு கையில் இருக்கவே கூடாது. பையின் வெளியே தொங்கவிட்டால் பாறை இடுக்குகளில் மாட்டி உடலைத் திருப்பிவிடும். மடக்கிப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பையும் சிறியதாக, முதுகோடு ஒட்டியதாக இருக்கட்டும்.

நெய்தல்

இத்தாலியின் டோலமைட் மலைகளில் இப்படிப்பட்ட விளிம்புகளில் இரும்புக் கம்பி கட்டியிருக்கிறார்கள். சாதாரண மக்களும் கொக்கியை மாட்டிக்கொண்டு போகிறார்கள். இங்கேயும் தேசியப் பூங்கா நிர்வாகம் அப்படிச் செய்தால் இந்த விவாதத்துக்கே இடமிருக்காதே?

கார்காலம்

நெய்தல், விவாதம் இருக்காதுதான். கிரிப் கோக்கும் இருக்காது. அந்தக் கம்பிப் பாதைகளில் பல முதல் உலகப் போரில் படைகளை நகர்த்துவதற்காகப் போடப்பட்டவை. அந்த மலைகளின் வரலாறு அது. பிரிட்டனின் மலைகளில் செயற்கைப் பிடிகளை நிறுவக் கூடாது என்ற மரபு வலுவானது. அதைவிட நடைமுறையான ஒரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது: இங்கே கம்பி கட்டினால், காற்றையும் ஈரத்தையும் பார்த்துத் திரும்பிப் போயிருக்கக்கூடியவர்கள் எல்லோரும் அதை நம்பி ஏறத் தொடங்குவார்கள்.

மட்டுறுத்துநர்

கம்பிப் பாதைகள் பற்றிய விவாதம் விரியும் போலிருப்பதால் அதற்குத் தனி இழை தொடங்குமாறு வேண்டுகிறேன். இந்த இழை கிரிப் கோக் வழியைப் பற்றியே தொடரட்டும்.

செங்காந்தள்

இளங்கோ அவர்கள் நேராகக் கிரிப் கோக்குக்கு வராமல், அதற்கு முன் ஒரு நாளை வேறெங்காவது செலவிட்டால் பாதிக் கேள்விகளுக்குப் பாறையே பதில் சொல்லிவிடும். பனிமுகில் சொன்ன மோயல் ஷாபோட் நல்ல தொடக்கம். இங்கிலாந்தின் லேக் மாவட்டத்தில் ஹெல்வெலின் மலையின் ஸ்ட்ரைடிங் எட்ஜ் முகடு பெயர் பெற்றது. அங்கே விளிம்பை ஒட்டிக் கீழே தடம் இருப்பதால் அஞ்சுபவர் ஒதுங்கிக்கொள்ள முடியும். வட வேல்ஸிலேயே உள்ள ட்ரவான் மலையின் வடமுகடு வேறு வகை: கைகளுக்கு வேலை மிகுதி, ஆனால் அகலமானது, வழியைத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை அது கற்றுத்தரும். ஒருவருக்குப் பாறையில் ஏறுவது பிடிக்கவில்லையா, பள்ளத்தைப் பார்ப்பது பிடிக்கவில்லையா என்பதை இந்த மூன்றும் பிரித்துக் காட்டிவிடும். உங்கள் தோழி விடுபட வேண்டியதில்லை என்றுகூட அப்போது தெரியவரலாம். தயங்குகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்பவர்கள் பல நேரங்களில் கவனமாக ஏறுவார்கள். எதற்கும் அஞ்சமாட்டேன் என்று வருபவரைக் கண்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அவர் வருவதானால், வழி தெரிந்தவர் ஒருவர் அவருக்குச் சற்று முன்னேயும் இன்னொருவர் உடனே பின்னேயும் இருங்கள். கை கால் நான்கில் மூன்று எப்போதும் பாறையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஒன்று மட்டுமே நகர வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டுங்கள். கீழே பார்க்காதே என்று மட்டும் சொல்லாதீர்கள். கால் வைக்க அவர் கீழே பார்த்தாக வேண்டும். அடுத்த திட்டு எங்கே என்று காட்டுங்கள். விளிம்பில் குதிரைமேல் உட்காருவது போல இருபுறமும் காலைப் போட்டு நகர்வதற்கும் வெட்கப்பட வேண்டாம். அதைச் செய்யாதவர்கள் எங்கள் கழகத்தில் குறைவு.

வடகரை இளங்கோ

எல்லாவற்றையும் நால்வரும் சேர்ந்து படித்தோம். எங்கள் முடிவு இது. முதல் நாள் மோயல் ஷாபோட். அதன்பின் வானிலை ஒத்துழைத்தால் நானும் வலுவான நண்பர் ஒருவரும் பயிற்றுநரோடு கிரிப் கோக் ஏறுவோம். தோழியும் மற்றொருவரும் பிக் பாதையில் நேராகச் ஸ்னோடனுக்கு ஏறுவார்கள். மோயல் ஷாபோட்டில் தோழிக்கு மனம் மாறினால் அவரும் எங்களோடு வருவார். பயிற்றுநரிடம் முன்பே பேசிவிட்டோம். பிரிந்து செல்பவர்கள் ஸ்னோடன் உச்சியில் சந்திப்பதாகத் திட்டம். இதில் ஏதேனும் ஓட்டை இருக்கிறதா?

பனிமுகில்

நல்ல திட்டம். சந்திக்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். 1,085 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சியில், இயங்கும் பருவத்தில், 1896 முதல் ஓடும் மலை ரயிலில் வருபவர்களும் எல்லாப் பாதைகளிலும் ஏறி வருபவர்களும் ஒன்றாகச் சேர்ந்திருப்பார்கள். உச்சிக் கல்லோடு படம் எடுக்க வரிசை நிற்கும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விளிம்பைக் கடந்து வந்தவர், கைப்பையோடு ரயிலில் வந்தவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் காட்சியை நான் ஒவ்வொரு முறையும் ரசிப்பேன் என்றாலும், அந்தக் கூட்டத்தில் மேகமும் சேர்ந்தால் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க முடியாது. உச்சிக்குச் சற்று முன்னே புல்க் க்ளாஸ் என்ற கணவாயில் நட்டு வைத்த பெரிய கல் ஒன்று இருக்கிறது. பிக் பாதை அங்கே வந்து சேர்கிறது. கார்னெத் இகைனிலிருந்து இறங்கும் நீங்களும் அதன் வழியாகத்தான் வருவீர்கள். அங்கே சந்தியுங்கள்.

காத்திருக்கும் நேரத்துக்கு ஓர் எல்லை வையுங்கள். பிக் பாதைக்காரர்கள் உங்களுக்கு வெகுநேரம் முன்னதாகவே வந்துவிடுவார்கள். மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஏற்றத்தில் 600 மீட்டருக்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்ற பழைய நேய்ஸ்மித் கணக்கு பிக் பாதைக்கு ஓரளவு பொருந்தும். கிரிப் கோக்குக்கு அது பொருந்தவே பொருந்தாது. விளிம்பில் முன்னே ஒரு குழு தயங்கி நின்றால் நீங்களும் நிற்க வேண்டும். அதுவரை வியர்த்த உடையோடு கணவாயில் உட்கார்ந்திருப்பவர்கள் குளிர்ந்துபோவார்கள். குறித்த நேரத்தில் வராவிட்டால் அவர்கள் இறங்கத் தொடங்க வேண்டும், அப்படி இறங்கினால் நீங்கள் கலங்கக் கூடாது என்று இரு தரப்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். செப்டம்பர் இறுதியில் மாலை ஏழு மணியளவில் சூரியன் மறைந்துவிடும். ஆளுக்கொரு தலைவிளக்கு இருக்கட்டும்.

லிடாவ் ஏரியைச் சுற்றி முகடுகள் அமைக்கும் குதிரை லாட வடிவத்தை முழுமையாக்கி, எதிர்ப்பக்கத்து லிவெத் முகட்டின் வழியாக இறங்கும் ஆசை வரும். அதுவும் பாறைப்பாங்கான, நீளமான இறக்கம். களைத்திருந்தால் பிக் பாதையிலேயே இறங்கிவிடுங்கள்.

கார்காலம்

அவசர அழைப்பு பற்றியும் சேர்த்துவிடுகிறேன். 999 எண்ணை அழைத்து முதலில் காவல்துறையைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் என்று மட்டும் கேட்டால் நேரம் வீணாகலாம். பேச முடியாத அளவுக்குச் சிக்னல் பலவீனமான இடங்களில் குறுஞ்செய்தி போய்ச் சேரக்கூடும். ஆனால் உங்கள் கைபேசியை அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பினால் பதிவு முறை தொடங்கும். அதை இன்றே செய்துவிடுங்கள். ஊதல் என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி.

இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் லான்பெரிஸ் மலை மீட்புக் குழுவினர் அனைவரும் தன்னார்வலர்கள். மீட்டதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. கட்டணம் கேட்பார்களோ என்று அஞ்சி இருட்டும்வரை அழைக்காமல் இருப்பவர்கள் நம்மவர்களில் உண்டு. அப்படிச் செய்தால் அவர்களின் வேலையைத்தான் கடினமாக்குவோம். அதே வேளையில், களைப்பாக இருக்கிறது என்று அழைப்பதும் நியாயமில்லை.

நெய்தல்

பென்-இ-பாஸில் வாகனம் நிறுத்த இடம் கிடைக்குமா?

மாறன் (மான்செஸ்டர்)

நினைத்த நேரத்தில் போனால் கிடைக்காது. நடைப் பருவத்தில் அங்கே முன்பதிவு இன்றி நிறுத்த முடியாது. வார இறுதிகளுக்கான இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். சாலையோரத்தில் விட்டுவிட்டுப் போனால் வண்டியை இழுத்துப்போக வாய்ப்பிருக்கிறது. நான் லான்பெரிஸுக்கும் கணவாய்க்கும் இடையில் உள்ள நான்ட் பெரிஸ் ஊரில் நிறுத்திவிட்டு, ஸ்னோடன் பகுதியில் ஓடும் ஷெர்பா பேருந்தில் மேலே போவேன். இளங்கோ குழு இரண்டாகப் பிரிந்து இறங்க நேர்ந்தாலும் அது வசதி. பிக் பாதையில் முதலில் இறங்கியவர்கள் வண்டிச் சாவிக்காகக் கணவாயில் குளிரில் நிற்க வேண்டியதில்லை. கடைசிப் பேருந்தின் நேரத்தை மட்டும் ஏறுவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கோடை கால அட்டவணையும் மற்ற மாதங்களின் அட்டவணையும் ஒன்றல்ல.

வடகரை இளங்கோ

நான்ட் பெரிஸ், புல்க் க்ளாஸ் கல், பேருந்து நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டோம். கயிறு வீட்டிலேயே இருக்கும். முன்னறிவிப்பில் காற்று 25 மைலைத் தாண்டினால் நால்வருமே பிக் பாதைதான் என்று பயிற்றுநரும் சொல்லிவிட்டார்.